மாப்பிள்ளை நின்ற இடம்

காவலர் மருத்துவமனை, மூன்றாம் வார்டு
மார்ச் 9

அக்கா,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம்.

நீ பெண்கள் சிறையில் இருப்பதாக நேற்றுத்தான் சொன்னார்கள். எனக்கு இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. வலது தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். மல்லாக்கப் படுத்துக்கொண்டு நெஞ்சில் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் நீதான் பொறுப்பு.

மாப்பிள்ளை செத்துவிட்டான். யாராவது சொன்னார்களா உன்னிடம்? குதிரை செத்ததைக் கைதிக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

உங்கள் பேரிங் தொழிற்சாலை வாசலில் நீ சாப்பாட்டு டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்ததைச் சேணத்தின்மேல் உட்கார்ந்தபடியே பார்த்தேன். சோறு கொட்டவில்லை, பேரிங் குண்டுகள் கொட்டின. வெயிலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ரோடு முழுக்க ஓடின. மாப்பிள்ளையின் முன்னங்கால் அதன்மேல்தான் இறங்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. என்மேலேயே சாய்ந்தான். ஐந்நூறு கிலோ.

நான்கு தடவை எழுந்திருக்கப் பார்த்தான், அந்த உடைந்த காலை ஊன்றித்தான். ஒவ்வொரு தடவையும் விழுந்தது என்மேல்தான். குதிரை வலியில் கத்தாது, தெரியுமா? பல்லைக் கடிக்கும். அந்தச் சத்தத்தை என் காதுக்குப் பக்கத்தில் நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மிருக டாக்டர் வந்து நெற்றியில் துப்பாக்கியை வைத்து அழுத்தினார். அவன் உடம்பு அதிர்ந்த அதிர்வு என் உடைந்த எலும்புவரை வந்தது.

ஆறு வருடம் அவன் முதுகில் இருந்திருக்கிறேன். யாராவது தட்டை நீட்டி உபசரித்தால்தான் தின்பான் என்று லாயத்தில் அவனுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளை முறுக்கு. நீ ஒரு தடவை வந்தபோது உன் தலைமுடியை முகர்ந்து பார்த்துத் தும்மினான், ஞாபகம் இருக்கிறதா?

அங்கே ஒரு பொம்பளையும் செத்துப்போனதாகச் சொல்கிறார்கள். அதற்கும் சேர்த்து நீதான் பதில் சொல்ல வேண்டும்.

தம்பி


பெண்கள் சிறை
மார்ச் 17

தம்பி,

உன் கடிதத்தை எனக்கு முன்னாலேயே ஆபீசில் ஒரு அம்மா பிரித்துப் படித்துவிட்டாள். இங்கே வருவது போவது எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் விடுவார்கள். "உன் தம்பிக்குக் குதிரைன்னா உசுரு போல" என்று சொல்லிக்கொண்டே கையில் கொடுத்தாள். ஆமாம் என்றேன்.

குதிரையை 'அவன்' என்று எழுதியிருக்கிறாய். செத்தவளை 'ஒரு பொம்பளை' என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, உனக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

அவளை நாங்கள் சீட்டி என்று கூப்பிடுவோம். பாலிஷ் மெஷினில் பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து இடம். அந்த இரைச்சலில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அவள் உதட்டைக் குவித்து ஒரு சீட்டியடித்தால் கடைசி மெஷின்வரை தலை திரும்பும். உலை வெடித்து இரண்டு பேர் கருகியபோது, பூட்டியிருந்த பின்கதவை முதலில் உடைத்தவள் அவள்தான். அந்தக் கதவை ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டுத்தான் நாற்பத்தொரு நாள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

பதினாலு குதிரையில் வந்தீர்கள். எழுந்திருக்கக்கூட நேரம் தரவில்லை. முதல் லத்தி என் முன்னால் உட்கார்ந்திருந்த லோடுமேன் வாயில் இறங்கியது. அவர் பல் என் மடியில் வந்து விழுந்தது. இன்னொருவர் கை முழங்கையில் பின்பக்கமாக மடங்கிவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டே ஓடினார். தலை பிளந்தவர்கள், குளம்பில் விரல் நசுங்கியவர்கள், எல்லாம் நான் கண்ணால் பார்த்தது. அதற்கு அப்புறம்தான் நான் டப்பாவைக் கவிழ்த்தேன். கவிழ்த்த கையோடு என் நெற்றிப்பொட்டில் ஒரு அடி. பதினெட்டுத் தையல். ரத்தம் கண்ணை மூடிவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது உன் குதிரை பக்கவாட்டில் கிடந்தது, நீ அதற்கு அடியில் கிடந்தாய். பின்னால் நான்கு முழம் தள்ளிச் சீட்டி.

அவளுக்கு ஏழு விலா எலும்பு உடைந்து ஒன்று இதயத்தில் குத்தியிருக்கிறது. நெஞ்சில் ஒரு லாடத்தின் வடிவம் ஆணிகளோடு பதிந்திருந்ததாக டாக்டர் எழுதியிருப்பதை வக்கீல் படித்துக் காட்டினார். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

உன் குதிரையின் கால் உடைந்ததற்கு என்மேல் கோபப்படு. எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதே.

இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

அக்கா


காவலர் மருத்துவமனை
மார்ச் 26

அக்கா,

இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. காலை அசைத்தால் கண் இருட்டுகிறது.

இன்று மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆப்பிள், கூடவே ஒரு டைப் அடித்த தாள். என் வாக்குமூலமாம், நான் சொல்லாமலே தயாராகிவிட்டது. பேரிங் குண்டில் கால் வைத்த குதிரை மிரண்டு, வெறிபிடித்து, கட்டுப்பாட்டை மீறி ஓடி, கீழே கிடந்த பெண்ணை மிதித்துவிட்டது என்று இருக்கிறது. அந்தக் குதிரை ஏற்கெனவே முரடு, இரண்டு முறை எச்சரிக்கை செய்யப்பட்டது என்றும் ஒரு வரி. அக்கா, குழந்தைகள் ஏறி விளையாட விடுகிற குதிரை அவன். அணிவகுப்பில் பலூன் வெடித்தாலும் காதைக்கூட ஆட்டமாட்டான்.

அந்த ஒரு வரியையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"செத்த குதிரை சாட்சி சொல்ல வராதுப்பா. உயிரோட இருக்கறவங்கள நெனச்சுப் பாரு. கையெழுத்துப் போட்டா ஆறு மாசத்துல மறுபடியும் சேணத்துல இருப்ப."

கை வலிக்கிறது, அடுத்த முறை வரும்போது போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். உன் தோழி எப்படிச் சீட்டியடிப்பாள்? கூட்டத்தைக் கூப்பிடுகிற மாதிரி உரக்க மட்டும்தானா, அல்லது மெதுவாகவும் அடிப்பாளா? ஏன் கேட்கிறேன் என்று கேட்காமல் பதில் எழுது.

தம்பி


பெண்கள் சிறை
ஏப்ரல் 3

தம்பி,

ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு விதமாகவும் அடிப்பாள். மெதுவாக அடிப்பது மனுஷருக்கு இல்லை. வாசலில் ஒரு நொண்டி நாய் உண்டு, கூரைச் சட்டத்தில் புறாக்கள் உண்டு, அதுகளுக்கு. கீழே தொடங்கி மேலே போகிற ஒரு சின்ன ஒலி, அப்புறம் கொஞ்சம் நிறுத்தி மறுபடியும். புறா கழுத்தைச் சாய்த்துக் கேட்கும். நாங்கள் கேலி செய்வோம், உனக்கு மனுஷ பாஷையைவிட இதுதான் நன்றாக வருகிறது என்று.

இனி நான் சொல்ல வேண்டியது. வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று காலையில் குண்டு எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லாரிடமும் சொன்னது நான்தான். குதிரைப்படை வரப்போகிறது என்று முந்தின நாளே தெரியும். ஆளுக்கு ஒரு டப்பா. சீட்டி மட்டும் வாங்கவில்லை. டப்பாவை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"குதிரைங்க என்னக்கா பண்ணுச்சு? அதுங்களா வருது?"

மேலே இருக்கிறவனைக் கீழே இறக்க வேண்டுமென்றால் காலை வாரத்தான் வேண்டும் என்றேன்.

"மேல இருக்கறதுல ஒருத்தரு உங்க தம்பி" என்றாள்.

"தெரிஞ்சுதான் சொல்றேன்" என்று சொன்னேன். அவள் பங்குக் குண்டுகளையும் என் டப்பாவிலேயே போட்டுக்கொண்டேன்.

படித்தாயா? தெரிந்துதான் கவிழ்த்தேன். நீ முதன்முதலில் குதிரை ஏறின அன்று லீவு போட்டுவிட்டு வந்து கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தவளும் நான்தான். இரண்டும் நான்தான்.

உன்னைப் பற்றிக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை. இப்போது திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் யோசிக்கிறேன். நான் கொட்டிய குண்டில் மிரண்டு, அந்தக் குதிரை அவள்மேல் ஏறியிருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியைக் கொன்றிருக்கிறேன். போலீஸ்மேல், முதலாளிமேல், யார்மேல் தூக்கிப் போட்டாலும் அது திரும்ப என் மடியில்தான் வந்து விழுகிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். 22ஆம் தேதி விசாரணை. அவள் சாவுக்கு நான்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ளப் போகிறேன். வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார். பத்து வருடம் ஆகுமாம். நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடு. முரட்டுக் குதிரை என்ற வரியை மட்டும் அடித்துவிட்டுப் போடு. பாவம், அதுவும் என்னால்தான் செத்தது.

அக்கா


காவலர் மருத்துவமனை
ஏப்ரல் 10

அக்கா,

ஒப்புக்கொள்ளாதே. கடிதம் முழுக்கப் படிக்க உனக்குப் பொறுமை இல்லாவிட்டால் இந்த ஒரு வரியை மட்டும் படி. ஒப்புக்கொள்ளாதே.

மாப்பிள்ளை மிரளவில்லை. உன் குண்டுகள் அவன் காலில் படும் முன்பே உன் தோழி மிதிபட்டுவிட்டாள். மிதிக்க வைத்தது நான்.

அவள் ஓடும்போது தடுக்கி விழுந்தாள். எனக்கு நேர் எதிரில், மல்லாக்க. நாங்கள் ஓட்டத்தில் வந்துகொண்டிருந்தோம். மாப்பிள்ளை அவளைப் பார்த்ததும் முன்னங்கால் இரண்டையும் தரையில் ஊன்றி நின்றுவிட்டான். நான் அவன் கழுத்தில் மோதிக்கொண்டேன். கீழே விழுந்த மனிதரைக் குதிரை மிதிக்காது, அக்கா. லாயத்தில் முதல் நாளே சொல்லித் தருவார்கள், விழுந்தால் அசையாமல் கிட, அது உன்னைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்று.

பூட்ஸ் குதிகாலில் இருக்கிற முள்ளால் குத்தினேன். பக்கவாட்டில் நகர்ந்தான், முன்னால் போகவில்லை. மறுபடி குத்தினேன், இரண்டு பக்கமும், பல தடவை. நடுங்கினான். பின்னால் எட்டு வைத்தான். கீழே அவள் எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவனைப் பார்த்து மெதுவாகச் சீட்டியடித்தாள். கீழே தொடங்கி மேலே போகிற ஒலி. மாப்பிள்ளை இரண்டு காதையும் முன்னால் நீட்டித் தலையைக் குனிந்தான்.

நீ சீட்டி என்று எழுதியபோதுதான் அது யாரென்று எனக்கு உறைத்தது. அப்புறமும் நம்பாமல் உன்னிடம் கேட்டேன். நீ பதில் எழுதிவிட்டாய்.

ஏன் நிற்கவில்லை என்று கேட்பாய். பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் "நிக்காதே, போ" என்று கத்தினார், அது உண்மை. என் தாடையில் ஒரு கல் பட்டிருந்தது, அதுவும் உண்மை. ஆனால் அதனால் இல்லை. முன்வரிசையில் பதிமூன்று குதிரை போய்க்கொண்டிருந்தது, என் குதிரை மட்டும் ஒரு பொம்பளைக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றது. அவமானமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறொன்றும் கிடைக்கவில்லை, ஒரு மாதமாகத் தேடிவிட்டேன்.

லத்தியால் அவன் காதுகளுக்கு நடுவில் அடித்தேன். ஆறு வருடத்தில் ஒரு தடவையும் அடித்ததில்லை. அடித்துக்கொண்டே முள்ளை உள்ளே இறக்கினேன். அப்போதும் அவன் மிதிக்கவில்லை. தாண்டப் பார்த்தான். தாண்ட ஓட்டம் வேண்டும், நின்ற இடத்திலிருந்து எப்படித் தாண்டுவான். முன்னங்கால் அவளைக் கடந்துவிட்டது. பின்னங்கால் ஒன்று அவள் நெஞ்சில் இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கு அப்புறம்தான் அவன் முன்னங்கால் உன் குண்டுகள்மேல் போய் விழுந்தது.

சீட்டியை நீ கொல்லவில்லை. நான்தான் கொன்றேன்.

உன் வக்கீலுக்கும் இதையே எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆபீசில் இதைப் பிரித்துப் படிக்கிற அம்மா இன்ஸ்பெக்டருக்குச் சொன்னாலும் சொல்லட்டும். பேனாவை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி


பெண்கள் சிறை
ஏப்ரல் 15

ஐந்து வாரம் பேசாமல் இருந்திருக்கிறாய்.

ஐந்து வாரமாக அவளைக் கொன்றவள் நான் என்று நினைத்துக்கொண்டு சோறு தின்றேன், தின்றதை வாந்தியெடுத்தேன், மூட்டை தைக்கிற கூடத்தில் ஊசியை எடுத்து என் உள்ளங்கையில் நானே குத்திக்கொண்டேன். நீ முதல் கடிதத்திலேயே அதற்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதினாய். தெரிந்துகொண்டே எழுதினாய். உன் கையெழுத்துத்தானே அது.

அவள் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குதிரையைச் சமாதானப்படுத்தியிருக்கிறாள். அது நடுங்குவதைப் பார்த்திருக்கிறாள். நீ அதன் முதுகில் இருந்தாய், உன் தொடைக்கு அடியில் அது நடுங்கியிருக்கிறது, உனக்குத் தெரியவில்லை.

எனக்கு எழுதிவிட்டால் முடிந்துவிடாது. அவள் அம்மா உயிரோடு இருக்கிறாள். விசாரணைக்கு வருவாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லாவிட்டால் எனக்குத் தம்பி இல்லை. சொன்னாலும் இருக்கிறானா என்று தெரியவில்லை.

நான் ஒப்புக்கொள்ளப்போவதில்லை.


மத்திய சிறை, மருத்துவப் பிரிவு
மே 8

அக்கா,

நீ ஜாமீனில் போய்விட்டாய் என்று வக்கீல் சொன்னார். சாவு வழக்கை உன்மேலிருந்து எடுத்துவிட்டார்களாம், கலகம் செய்த வழக்கு மட்டும் நிற்கிறதாம். நல்லது.

விசாரணையில் உன்னைத் தனியாக உட்காரவைத்திருந்தார்கள், நான் சொன்னது உனக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், லத்தியால் அடித்ததுவரை. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு மிருகம் மறுத்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள், பயந்திருக்கலாமே என்று கேட்டார். பயந்த குதிரை ஓடும் ஐயா, இது நின்றது என்றேன். அப்புறம் மிருக டாக்டரைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் இரண்டு விலாவிலும் சேர்த்துப் பத்தொன்பது முள்காயம் எண்ணியதாக அவர் சொன்னார். மிரண்டு தானாக ஓடுகிற குதிரையை யாரும் பத்தொன்பது தடவை குத்தமாட்டார்கள் என்றார். நான் எண்ணியிருக்கவில்லை.

முடிந்து வெளியே கொண்டுவரும்போது சீட்டியின் அம்மா ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் வந்தார். காவலர்கள் தடுக்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் குதிரை எவ்ளோ நேரம்பா நின்னுச்சு?"

பத்து எண்ணுகிற நேரம் இருக்கும் என்றேன்.

"பத்து எண்றதுக்குள்ள நீ எறங்கியிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை முதுகிலிருந்து இறங்க இரண்டு விநாடி போதும் அக்கா. ஆறு வருடத்தில் ஆயிரம் தடவை இறங்கியிருக்கிறேன். இறங்கலாம் என்று அன்று தோன்றவே இல்லை.

இங்கே மாற்றுவதற்கு முந்தின நாள், லாயத்தில் என்னோடு இருந்த இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு நின்றான். இன்னொருவன், என் தலைமாட்டில் உட்கார்ந்து சீட்டு விளையாடியவன், என் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையைப் பிடுங்கித் தொடையில் கம்பி வைத்த இடத்திலேயே நான்கு அடி அடித்தான். வாயில் துணியைத் திணித்திருந்தான். "குதிரைக்கு இருக்கற விசுவாசம்கூட ஒனக்கு இல்லியேடா" என்றான். அவன் சொன்னதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, துணி இருந்ததால் வெளியே வரவில்லை. கம்பி வளைந்துவிட்டது. மறுபடி அறுத்தார்கள். இந்தக் கால் இனி மடங்காதாம்.

தண்டனை எவ்வளவு என்று அடுத்த மாதம் தெரியும். நீ வந்து பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று தெரியும்.

தம்பி


வீடு
ஜூன் 21

தம்பி,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. உன்னைக் காக்கவைக்க வேண்டும் என்று இல்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது மூச்சு விட்டால் வலிக்கிறது, வேலைக்குப் போக முடியாது, எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

வெளியே வந்த வாரம் மிருக டாக்டரைத் தேடிப் போனேன். மாப்பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று கேட்கத்தான். புதைக்கவில்லை, தோல்கிடங்கு வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்றார். கேட்டிருக்கவே வேண்டாம். உனக்கும் எழுதியிருக்க வேண்டாம்தான், ஆனால் இனி நமக்குள் ஒன்றை மறைத்து ஒன்றை எழுதுவது வேண்டாம்.

நீ எழுதினாய், சீட்டியைக் கொன்றது நீ என்று. சரி. அதை உன்னிடமே வைத்துக்கொள். ஆனால் அவன் காலை உடைத்தது நான். அதை நீ வாங்கிக்கொள்ள முடியாது.

டாக்டர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை நின்றது. அன்று வழுக்கி விழுந்ததில் இரண்டு முழங்காலும் எலும்பு தெரியச் சிராய்த்து, சீழ் பிடித்திருந்தது. குளம்பின் அடியில் அழுந்திப் போயிருந்த ஒரு குண்டை இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்து எடுத்திருக்கிறார்கள். இனி சவாரிக்கு ஆகாது, சுட்டுவிடச் சொல்லி இலாகாவிலிருந்து தாள் வந்துவிட்டது, நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். காயம் கழுவ ஆள் இல்லை என்றும் சொன்னார். நான் வருகிறேன் என்றேன். நான் யார் என்று தெரிந்துதான் அவர் சரி என்றார்.

தினமும் காலையில் போனேன். வெந்நீரும் உப்பும் வைத்துக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுவேன். முதல் நாள் கடித்தாள், தோளில். இரண்டாவது வாரம் கடிக்கவில்லை, மூச்சை மட்டும் கழுத்தில் விட்டாள். எனக்குச் சீட்டியடிக்க வராது. காற்றுத்தான் வருகிறது. இருந்தாலும் ஊதிப் பார்ப்பேன். ஒரு காதைத் திருப்புவாள்.

நாற்பதாவது நாள் கை தவறி எவர்சில்வர் கிண்ணத்தைச் சிமெண்ட் தரையில் போட்டுவிட்டேன். உருண்டது. அந்தச் சத்தம் கேட்டதுதான் தெரியும், என்னைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டாள். திரும்பி உதைத்தாள். கதவுக் கட்டை இரண்டாகப் பிளந்தது, நான் அதற்குப் பின்னால் போய் விழுந்தேன். மூன்று விலா எலும்பு போயிற்று. கட்டை நடுவில் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. கீழே கிடந்து பார்க்கிறேன், மூக்கில் ரத்தம் கசிய, மூலையில் ஒடுங்கி நடுங்குகிறாள். என்னைப் பார்த்து இல்லை, இன்னும் உருண்டுகொண்டிருந்த அந்தக் கிண்ணத்தைப் பார்த்து.

லாயத்து ஆட்கள் இரண்டு பேர் கயிற்றோடு வந்துவிட்டார்கள். டாக்டர் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தார். அவர் முகமும் நன்றாக இல்லை. இனி என்னால் தாள் எழுதித் தள்ளிப்போட முடியாதும்மா என்றார். நான் எழுந்து நிற்க முடியாமல் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன்.

"அந்தச் சத்தத்த அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் டாக்டர். ஒதச்சது சரிதான். நாளையிலேர்ந்து பிளாஸ்டிக் கிண்ணம் கொண்டாரேன்."

நாளைக்கு நீ படுக்கையை விட்டு எழுந்தால் பார்க்கலாம் என்று சொல்லிப் பெட்டியை மூடினார். சவாரிக்கு ஆகாத குதிரையை யாராவது பொறுப்பு ஏற்றால் விட்டுவிடலாம் என்று ஒரு விதி இருக்கிறதாம். ஒரு தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். கலகக்காரி கையெழுத்துச் செல்லுமா என்று கேட்டேன். குதிரைக்கு அதெல்லாம் தெரியாது என்றார்.

சீட்டியின் அம்மாவிடம் இதைச் சொன்னேன். மறுநாள் நான் படுக்கையில் கிடந்தபோது அவரே வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்க் காயத்தைக் கழுவிவிட்டு வந்திருக்கிறார். இன்றோடு நான்கு நாள். ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

உனக்கு ஒன்பது வருடம் என்று வக்கீல் சொன்னார். குறைக்கச் சொல்லி மனுப் போடட்டுமா என்று கேட்டார். தம்பியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை பார்வையாளர் நாள். வருகிறேன். மெதுவாகத்தான் நடக்க முடியும், படி ஏறி வர நேரமாகும், அதுவரை போய்விடாமல் உட்கார்ந்திரு. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அது எனக்கே தெரியாது. எதிரில் உட்கார்ந்து என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. ஒன்றும் பேசாமலேயே நேரம் முடிந்தாலும் முடியும்.

வருகிறேன்.

அக்கா